மானிட்டர் பேனல்: எது இயல்பு, எது பழுது?

புது 27 அங்குல ஐபிஎஸ் (எல்சிடி பேனலில் ஒரு வகை) மானிட்டரில் கருப்புத் திரை வைத்தால் மூலைகள் வெளிறித் தெரிகின்றன. மாற்றித் தரச் சொல்லலாமா?

அது குளோவா, பின்னொளிக் கசிவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஐபிஎஸ் பேனலைச் சாய்வாகப் பார்த்தால் கருப்பு முழுதாக அடைபடாது, கொஞ்சம் வெளிச்சம் தப்பி வரும். பெரிய திரைக்குக் கிட்டே உட்காரும்போது மூலைகளைக் கண் சாய்வாகத்தான் பார்க்கிறது. அங்கே தெரியும் வெளிர்ப் பளபளப்புதான் ஐபிஎஸ் குளோ. எத்தனை முறை மானிட்டரை மாற்றினாலும் அது கூடவே வரும்.

கசிவு அப்படியல்ல. சட்டம் ஓரிடத்தில் பேனலை அழுத்தினாலோ, பேனல் லேசாக வளைந்திருந்தாலோ அந்த விளிம்பில் வெளிச்சம் ஒழுகும். இது உங்கள் கைக்கு வந்த அந்த ஒரு மானிட்டரின் தயாரிப்புக் குறை, மாற்றிக் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

சோதிப்பது சுலபம். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிரகாசத்தை வழக்கமான அளவில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, முழுத்திரைக்கும் கருப்புப் படம் போடுங்கள். கண் மட்டம் திரையின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். அப்படியே 2 மீட்டர் பின்னால் போங்கள். வெளிறல் மங்கினாலோ, தலையை அசைக்கும்போது கூடவே நகர்ந்தாலோ குளோ. இருந்த இடத்திலேயே இருந்தால் கசிவு. புகாருக்குப் படம் எடுக்கும்போது போனைத் தானியங்கி முறையில் விடாதீர்கள். இருட்டைப் பார்த்ததும் அது எக்ஸ்போஷரை (உள்வாங்கும் ஒளியின் அளவை) ஏற்றி, நல்ல பேனலையும் மோசமாகக் காட்டிவிடும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்கி எடுங்கள். சட்டத்தின் திருகைத் தளர்த்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், வாரண்டி போய்விடும்.

விஏ பேனலில் இருட்டான விளையாட்டுக் காட்சிகளில் உருவங்களுக்குப் பின்னால் கருப்பு வால் இழுக்கிறது. பழுதா?

பழுதில்லை, விஏயின் குணம். சாதாரண ஐபிஎஸ் 1000:1 அளவில் காண்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) தரும். விஏ 3000:1, சில மாடல்களில் அதற்கு மேலும் தரும். அந்த ஆழமான கருப்புக்கு விலையாக, கருப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும்போது திரவப் படிகங்கள் மெதுவாகத் திரும்புகின்றன. நொடிக்கு 144 பிரேம் (படம்) காட்டும் 144 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 6.9 மில்லி செகண்ட். இருட்டு மாற்றம் அதைத் தாண்டி அடுத்தடுத்த பிரேம்களுக்கும் நீண்டால் வால் தெரியும். பெட்டியில் பிக்சல் மாறும் நேரமாகப் போட்டிருக்கும் ‘1 மில்லி செகண்ட்’ இதற்குப் பதில் சொல்லாது. அது பெரும்பாலும் மிகச் சாதகமான ஒரு மாற்றத்தின் அளவு, அல்லது பின்னொளியை விட்டுவிட்டு எரியவைத்து எடுத்த வேறொரு அளவு.

மானிட்டர் மெனுவில் பிக்சல் மாற்றத்தை வேகப்படுத்தும் ஓவர்டிரைவை நடு நிலையில் வையுங்கள். உச்சத்துக்குக் கொண்டுபோனால் வால் குறையும், ஆனால் உருவத்தின் ஓரத்தில் வெளிறிய நிழல் முளைக்கும். அது இன்னும் உறுத்தும். விளையாட்டுக்குள் கருப்பு அளவைச் சற்று உயர்த்தினாலும் பலன் உண்டு. அப்படியும் பொறுக்க முடியாவிட்டால் பேனல் வகையை மாற்றுங்கள். அதே மாடலில் இன்னொன்று வாங்கிப் பயனில்லை.

திரையில் ஒரு புள்ளி. செத்த பிக்சலா, தூசியா?

சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்பு என ஐந்து நிறங்களையும் முழுத்திரையில் மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லா நிறத்திலும் கருப்பாகவே இருந்தால் செத்த பிக்சல். கருப்புத் திரையில் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ மின்னினால் சிக்கிய துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளில் ஒன்று). பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிக்சல் பழுது கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியிருக்கும். அடுக்குகளுக்கு இடையே மாட்டிய தூசி கட்டக் கோடுகளைத் தாண்டி, ஓரம் கலங்கலாகத் தெரியும்.

சிக்கிய துணைப்பிக்சல், நிறங்களை வேகமாக மாற்றும் மென்பொருளைச் சில மணி நேரம் ஓடவிட்டால் சில சமயம் விடுபடும். செத்தது பிழைக்காது. விரலால் அழுத்தினால் பக்கத்துப் பிக்சல்களும் போகலாம். ஐஎஸ்ஓ 9241-307 தரம் எப்போதும் எரியும் பிக்சல், எப்போதும் அணைந்த பிக்சல், துணைப்பிக்சல் பழுது என வகை பிரிக்கிறது. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் இருப்பதால் ஒன்றிரண்டுக்குப் பல நிறுவனங்கள் அசைவதில்லை. திரையின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு புள்ளி நாள் முழுக்கக் கண்ணை உறுத்தும் என்பதே என் கருத்து. அதனால் வாங்கிய அன்றே சோதித்து, திருப்பித் தரும் கெடுவுக்குள் கேட்டுவிடுங்கள்.

ஒரே மாடல் இரண்டு வாங்கினேன். ஒன்றில் வெள்ளை மஞ்சளடிக்கிறது.

ஒரே மாடல் என்றாலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வெள்ளையின் சாயல் மாறும். சில மாடல்களில் இடையிலேயே பேனல் தயாரிப்பாளரும் மாறியிருப்பார். வெள்ளை முழுவதும் ஒரே சீராக மஞ்சளடித்தால் மானிட்டர் மெனுவில் ‘யூசர்’ நிறத்துக்குப் போய்ச் சிவப்பையும் பச்சையையும் இரண்டிரண்டு புள்ளியாகக் குறைத்துச் சமப்படுத்தலாம். ஒரு பாதி மஞ்சள், மறு பாதி நீலம் என்றால் எந்த அமைப்பும் சரிசெய்யாது, மாற்றிக் கேளுங்கள்.

நாள் முழுக்க எழுத்து வேலை. ஓஎல்இடி வாங்கலாமா?

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடிக்குப் படத்திலும் விளையாட்டிலும் நிகரில்லை. எழுத்துக்கு நான் ஐபிஎஸ்ஸே சொல்வேன். பல ஓஎல்இடி பேனல்களில் துணைப்பிக்சல்கள் வழக்கமான சிவப்பு–பச்சை–நீலப் பட்டையாக இல்லாததால், கருப்பு எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கசிவு தெரியும். அசையாத பணிப்பட்டை வருடக்கணக்கில் இருந்தால் தழும்பு விழும் (அதன் நிழல் திரையில் நிரந்தரமாகத் தங்கும்) ஆபத்தும் உண்டு. வாங்கியே தீருவேன் என்றால் பணிப்பட்டையைத் தானாக மறையவிடுங்கள், இருண்ட தீம் வையுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கை அணைக்காதீர்கள். பிக்சல்களைச் சமன்செய்யும் வேலையை மானிட்டர் ஸ்டாண்ட்பையில்தான் செய்கிறது. மின்சாரம் போனால் அது நடக்காது.

டிஎன் இன்னும் வாங்கலாமா?

டிஎன் வேகமான, ஆனால் பார்வைக்கோணம் குறுகிய பேனல் வகை. போட்டி விளையாட்டுக்கு மட்டும். கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும்.

எச்டிஎம்ஐயில் இணைத்தால் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது.

பேனலைக் குறை சொல்வதற்கு முன் கிராபிக்ஸ் அமைப்பைத் திறந்து பாருங்கள். வெளியீட்டு நிற வரம்பு 16–235 (கருப்பை 16இல் தொடங்கும் டிவி வரம்பு) என்றிருந்தால் 0–255க்கு மாற்றுங்கள். மானிட்டர் மெனுவிலும் அதே வரம்பு இருக்க வேண்டும்.