ஆலை இங்கே, முதலாளி எங்கே?

கேள்வி: கம்யூனிசம் விழுந்ததும் செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி எல்லாம் அந்நியக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டன. இன்று செழிப்பாக இருக்கின்றன. இதைப் பார்த்த பிறகும் சிலர் முகம் சுளிப்பது ஏன்? (ஈரோடு வாசகர்)

பதில்: செழிப்பு பொய்யில்லை. 1990-ல் போலந்தும் உக்ரைனும் ஏறத்தாழ ஒரே வருமான நிலையில்தான் இருந்தன. முதலீடு குவிந்த போலந்து, போர் வருவதற்கு முன்பே உக்ரைனை எங்கோ பின்னால் விட்டுவிட்டது. இதை மறுப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் ஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். மக்கள்தொகை சுமார் 54 லட்சம். வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் கார் செய்கிறார்கள். தலைக்கணக்கில் உலகிலேயே முதலிடம். அதில் ஒரு பிராண்டாவது ஸ்லோவாக்கியருடையதா? ஃபோக்ஸ்வாகன், பெஜோ, கியா, ஜாகுவார் லேண்ட் ரோவர். கடைசிக் கம்பெனி நம்ம டாடாவுடையது. அவர்களுக்கு அதுவும் அந்நியக் கம்பெனிதான். 2017 ஜூனில் பிராட்டிஸ்லாவா ஃபோக்ஸ்வாகன் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. உயர்ரகக் கார்களைச் செய்யும் ஆலை, மேற்கு ஐரோப்பாவில் தருவதில் பாதியோ மூன்றில் ஒன்றோ மட்டும் சம்பளமாக ஏன் தரவேண்டும் என்று பிரதமர் ஃபிட்சோவே கேட்டார். ஆம், பிரதமராலும் கேட்கத்தான் முடிந்தது. ஆறு நாள் வேலையை நிறுத்திய பிறகுதான், 14 சதவீதச் சம்பள உயர்வு, அதுவும் தவணை தவணையாக, கிடைத்தது.

அங்கே ஆலையாவது நிற்கிறது. ருமேனியாவில் க்ளூஜ் நகருக்குப் பக்கத்தில் ஜூக்கு என்றொரு கிராமம். நோக்கியாவுக்காக அரசுச் செலவில் தொழிற்பூங்கா எழுந்தது. 2008-ல் ஜெர்மனியின் போஹும் நகரத்து ஆலையை மூடி, சுமார் 2,300 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நோக்கியா அங்கே வந்தது. ஜெர்மானியர் கொதித்தார்கள், ஜூக்கு கொண்டாடியது. 2011-ல் ஜூக்குவையும் மூடுவதாக அறிவிப்பு! இந்த முறை போனது சுமார் 2,200 வேலை. ஆசியாவுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் லாபம் என்று ஃபின்லாந்துத் தலைமையகத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள். அந்த ஆசியாவிலும் என்ன நடந்தது? 2006-ல் திறந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை, வரி வழக்கில் சிக்கி, கைமாற முடியாமல் 2014 நவம்பரில் நின்றது. ஈரோட்டிலிருந்து கேட்கிறீர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் விற்கவே கூடாதா? செக் நாட்டுக்காரர்களும் விற்றார்கள், விவரமாக விற்றார்கள். ஸ்கோடாவுக்கு 1895 வரை போகும் சரித்திரம் உண்டு. ரெனோவும் கேட்டது, ஃபோக்ஸ்வாகனும் கேட்டது. ஸ்கோடாவைத் தனிப் பிராண்டாகவே வளர்ப்பதாகச் சொன்ன ஃபோக்ஸ்வாகனுக்கு 1991-ல் கொடுத்தார்கள். 2000-க்குள் பங்கு முழுவதும் அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டது. லாபமும் அங்கேதான் போகிறது, சரி. ஆனாலும் ஸ்கோடாவின் டிசைனும் ஆராய்ச்சியும் இன்றும் ம்லாடா போலெஸ்லாவ் ஊரில் நடக்கின்றன. இன்ஜினியர்கள் அங்கே, சப்ளையர்கள் சுற்றுவட்டாரத்தில். அதை மூட்டை கட்டி அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோவது லேசில்லை.

ஜூக்குவிடம் இருந்தது நிலம், ரோடு, குறைந்த சம்பளம். இந்த மூன்றையும் தரக் காத்திருக்கும் ஊர்களுக்கா உலகத்தில் பஞ்சம்?