ஆண்கள் கால்பந்தில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் ஏன் வெளியே சொல்வதில்லை?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் இத்தனை பேர் ஆடுகிறார்களே, ஒருத்தர்கூடவா கே (தன்பாலின ஈர்ப்பாளர்) இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லாமல் இருக்குமா? வெளியே சொன்னால் என்ன ஆகும் என்ற பயம்தான்.

இங்கிலாந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு தான் கே என்று 1990-ல் சொன்னார். சாதாரண ஆட்டக்காரர் இல்லை, 1981-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது, அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின வீரர் அவர்தான். சொன்னதும் கேலரியிலிருந்து ஏச்சு, சொந்தத் தம்பியே பகிரங்கமாகக் கைகழுவினார், 1998-ல் தற்கொலை செய்துகொண்டார். அதைப் பார்த்தபிறகு யாருக்கு வாய் திறக்கும்? பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன அடுத்த தொழில்முறை வீரர் பிளாக்பூல் கிளப்பின் ஜேக் டேனியல்ஸ், அது 2022 மே மாதம், பையனுக்கு வயது 17. ஜெர்மனியின் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர் ஓய்வு பெற்ற பிறகுதான், 2014-ல் சொன்னார்.

ரசிகர்கள் மட்டும் காரணம் இல்லை. நாளைக்கு எந்த கிளப் வாங்கும், எந்த நாட்டில் போய் ஆட வேண்டியிருக்கும் என்ற கணக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆடிய, தான் கே என்று சொன்ன ஜோஷ் கவாலோ, கத்தாரில் தன்பாலின உறவு குற்றம் என்பதால் அங்கே உலகக்கோப்பைக்குப் போகவே பயம் என்றார். ஆனால் பெண்கள் கால்பந்தில் அமெரிக்காவின் மேகன் ராபினோ மாதிரி பலர் வெளிப்படையாகவே ஆடினார்கள்.

நம்ம தருமபுரி கிரவுண்டிலும் பாஸ் தவறினால் 'பொம்பள மாதிரி ஆடாதடா' என்றுதானே கத்துகிறோம். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் தளர்த்திவிட்டது, சரி, ஆனால் பாலக்கோட்டில் ஒரு பையன் வீட்டில் சொன்னால் அடுத்த வாரமே பொண்ணு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.