மேலே வரும்போதுதான் ஆபத்து

கேள்வி: எனக்கு 31 வயது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. காலையும் இரவும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறேன். கடைசியாக மூச்சு இரைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது, கற்றுக்கொள்ள ஆசை. "இறங்கும் முன் நீல இன்ஹேலரை ரெண்டு தடவை அடிச்சுக்கோ, படிவத்தில் ஆஸ்துமா இல்லைன்னு போட்டுடு" என்கிறான் நண்பன். செய்யலாமா டாக்டர்?

பதில்: ஆசையை விட வேண்டாம், நண்பர் சொன்ன வழி மட்டும் வேண்டவே வேண்டாம். நானும் ஆஸ்துமாக்காரி, 9 வருஷமாகக் கடலுக்குள் இறங்குகிறேன்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சிலிண்டர் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நெஞ்சுக்குள் போகிறது. அங்கே இழுத்த மூச்சு, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். விட்டுக்கொண்டே வந்தால் வெளியேறிவிடும். ஆனால் ஒரு சின்ன மூச்சுக்குழாய் சுருங்கியோ சளி அடைத்தோ இருந்தால், அதன் பின்னால் மாட்டிய காற்றுக்குப் போக வழியில்லை. நுரையீரல் கிழியும். குமிழ்கள் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வந்தது போல ஆகிவிடும். கடைசிச் சில மீட்டர்களில்தான் காற்று மிக வேகமாக விரிகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை.

சிலிண்டர் காற்று வறண்டது, குளிர்ந்தது. வாய்க்கருவியில் உப்புநீர்த் துளி கசிந்தால் அதுவும் மூச்சிரைப்பைக் கிளப்பும். அடர்ந்த உப்புநீர் ஆவியைச் சுவாசிக்க வைத்து ஆஸ்துமாவைச் சோதிக்கும் முறையே உண்டு. தண்ணீருக்குள் இன்ஹேலர் அடிக்கவும் முடியாது.

முதலில் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை, செய்யுங்கள். ஓடவிட்டு மறுபடியும் ஊதச் சொல்வார்கள். குளிர், ஓட்டம், பதற்றம் இவற்றால் இரைப்பு வருகிறவர் என்றால், "ஸ்கூபா வேண்டாம்" என்றே நான் சொல்வேன். சோதனை சரியாக இருந்து, டைவிங் மருத்துவம் தெரிந்தவர் ஒப்புக்கொண்டால் பழகலாம். அப்போதும், நிவாரண இன்ஹேலர் (உங்கள் நண்பர் சொன்ன நீல இன்ஹேலர்தான்) தேவைப்பட்டு 48 மணி நேரம் ஆகாமல் இறங்காதீர்கள்.

இறங்கும் நாள் காலையில் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிப் பார்ப்பேன்; மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று அளக்கும் சின்னக் கருவி அது. என் வழக்கம் நிமிடத்துக்கு 480 லிட்டர். ஒருமுறை 420தான் வந்தது. இருமல்கூட இல்லை. தோழிகள் குதிக்க, நான் படகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று அழுகை வந்தது உண்மைதான்.

படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கூட இறங்குகிறவருக்கும் சொல்லிவிடுங்கள்; உங்களுக்கு ஏதாவது என்றால் முதலில் கை நீட்டப் போகிறவர் அவர்தானே.