25 ரூபாய்ப் பட்டாம்பூச்சி: நாணயக் கேள்வி-பதில்

மொரீஷியஸ் வெளியிட்ட பட்டாம்பூச்சி வெள்ளிக்காசைப் பற்றிப் போன முறை போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தக் காசைச் சுற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்கப் பட்டாம்பூச்சிக்கே.

அப்பா 1975-ல் வாங்கி வைத்த 25 ரூபாய் பட்டாம்பூச்சிக் காசு என்னிடம் இருக்கிறது. லண்டனில் அக்காவிடமும் அதே காசு உண்டு. அவளுடையது கண்ணாடி மாதிரி மின்னுகிறது, கையில் வைத்தால் கனமாகவும் இருக்கிறது. என்னுடையது போலியா? (ரோஸ் ஹில் வாசகி)

இரண்டுமே அசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். படம் ஒன்று, வருடம் ஒன்று, மதிப்பும் ஒன்று. உள்ளே இருக்கும் உலோகம்தான் வேறு. இந்தக் காசில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

எழுபதுகளில் உலக வனவிலங்கு நிதியத்தோடு சேர்ந்து பல நாடுகள், அழிந்துகொண்டிருந்த தங்கள் நாட்டு உயிர்களைக் காசில் போட்டன. மொரீஷியஸ் 1975-ல் மூன்று காசு வெளியிட்டது. 25 ரூபாயில் பட்டாம்பூச்சி, 50 ரூபாயில் நம் தீவின் சிறு வல்லூறான கெஸ்ட்ரல், 1000 ரூபாய் தங்கக் காசில் ஈப்பிடிப்பான் பறவை. ஒரு பக்கம் எலிசபெத் ராணியின் தலை இருக்கும். சுதந்திரம் வந்து ஏழு வருடம் ஆகியும் அப்போது நமக்கு அவர்தான் ராணி, குடியரசானது 1992-ல்.

வெள்ளிக் காசுகளை மட்டும் இரண்டு தரத்தில் அடித்தார்கள். சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு அடித்த ப்ரூஃப் காசில் 92.5 சதவீதம் வெள்ளி. 25 ரூபாய்க் காசின் எடை 28.28 கிராம். சாதாரண அன்சர்க்குலேட்டட் (புழக்கத்துக்குப் போகாத) காசில் பாதிதான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. எடை 25-க்கும் 26-க்கும் நடுவில் நிற்கும். அக்காவின் காசில் 26 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி இருக்கிறது என்றால், உங்களுடையதில் 13 கிராமுக்குள்தான். விற்கப் போனால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். பெட்டி மாறியிருக்கலாம், ப்ரூஃப் காசே மங்கியிருக்கலாம். நகைக்கடைத் தராசில் ஒரு முறை வைத்துப் பாருங்கள், போதும். ஆனால் காசு உறைக்குள் மூடியபடியே இருந்தால், எடைக்காக அதைத் திறக்க வேண்டாம்.

கெஸ்ட்ரல் காசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974-ல் காட்டில் இருப்பதாகத் தெரிந்த மொரீஷியஸ் கெஸ்ட்ரல்கள் மொத்தம் நான்கு. அடுத்த வருடம் அதன் படம் காசில் ஏறியபோது, இது அஞ்சலிக் காசாகிவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைத்திருப்பார்கள். கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, இன்று நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. டோடோ பறவைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது காசில் மட்டும்தான் இருக்கிறது. 1971-ல் வந்த 10 ரூபாயை எடுத்துப் பாருங்கள்.

அந்த 25 ரூபாயைக் கடையில் கொடுத்துச் சாமான் வாங்க முடியுமா? (போர்ட் லூயி)

கொடுத்துப் பாருங்கள், தால்பூரிக்காரர் சிரிப்பார். அவர் வாங்கிக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். காசில் போட்டிருக்கும் மதிப்பை விட அதில் உள்ள வெள்ளியின் விலை எங்கேயோ போய்விட்டது.

தைப்பூசக் காவடிக்கு முன்னால் வீட்டு வெள்ளிச் சாமான்களை எல்லாம் விபூதி போட்டுத் தேய்ப்போம். பட்டாம்பூச்சிக் காசும் கறுத்திருக்கிறது. அதோடு சேர்த்துத் தேய்த்துவிடலாமா? (கத்ர் போர்ன்)

தயவு செய்து வேண்டாம். இது பட்டுத் தெரிந்துகொண்ட ஆள் சொல்வது.

எனக்கு இருபத்து மூன்று வயதில் முதல் ப்ரூஃப் காசு கிடைத்தது. ஓரத்தில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. அம்மா குத்துவிளக்கைப் பளபளப்பாக்குவதைப் பார்த்து வளர்ந்தவன்தானே, பஞ்சில் விபூதியைத் தொட்டு இரண்டே சுற்றுத் தேய்த்தேன். பழுப்பு போய்விட்டது, காசு பளிச்சென்று இருந்தது, எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒரு நாள் மேசை விளக்கின் கீழே வைத்து லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். ராணியின் கழுத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் முழுக்க, சிலந்தி நூல் மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் அத்தனையும் தெரியும். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் சாய்த்துத்தான் பார்ப்பார்கள். அந்தக் காசு இன்னும் என் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது.

காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலமாகிறது, அதுதான் கறுப்பு. அதைத் தேய்த்து எடுக்கும்போது வெள்ளியும் கூடவே வருகிறது. விளக்கில் அது யாருக்கும் தெரியாது. ப்ரூஃப் காசின் கண்ணாடிப் பரப்புக்கு அதுவே முடிவு. புளி, எலுமிச்சை, பற்பசை, சோடா உப்பு எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். பாதி வெள்ளிக் காசில் செம்பு நிறைய இருப்பதால் அது இன்னும் சீக்கிரம், இன்னும் கருமையாக மாறும். அது அழுக்கில்லை, வயது. சீராகப் படிந்த கறுப்பை விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு.

பச்சையாகப் பிசுபிசுவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது வேறு கதை. பிவிசி பிளாஸ்டிக் உறையில் பல வருடம் வைத்ததன் பலன் அது. சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் ஊற வைத்து, தேய்க்காமல் எடுத்துத் தானாக உலர விடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எதுவும் எரியாத இடத்தில் செய்யுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவம் இதற்கு ஆகாது; அதில் நிறமும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பிறகு பிவிசி இல்லாத உறைக்கு மாற்றி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். கியூர்பீப் பக்கம் இருப்பவர்கள் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். அங்கே துணி காய்வதே பெரிய பாடு, காசு மட்டும் எப்படித் தப்பும்?

உறை இல்லாத காசு ஒன்று சந்தையில் கிடைத்தது. வெள்ளிதானா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? (மாய்பூர்)

காந்தம் வைத்துப் பார்ப்பது முதல் படி. ஒட்டினால் வெள்ளி இல்லை, அவ்வளவுதான். ஒட்டவில்லை என்பதால் மட்டும் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது.

தண்ணீர்ச் சோதனைதான் நம்பகமானது. நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதித் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள்; முழுதும் முங்க வேண்டும், அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 28.28 கிராம் ப்ரூஃப் காசு என்றால் தராசு 2.73 பக்கம் காட்டும், வகுத்தால் 10.36 வரும். பாதி வெள்ளிக் காசுக்கு 9.6-ஐ ஒட்டி வரும். 8.9 வந்தால் கையில் இருப்பது வெறும் செம்பு-நிக்கல் கலவை. முடிந்ததும் ஓரத்தைப் பிடித்து மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள்.

பாட்டியின் காசுமாலையில் விக்டோரியா ராணி படம் போட்ட பெரிய வெள்ளிக் காசுகள் இருக்கின்றன. இவையும் மொரீஷியஸ் காசுகளா? வளையத்தை நீக்கிவிட்டு விற்கலாமா? (ஃப்ளாக்)

இந்திய ரூபாய்களாக இருக்கும். மொரீஷியஸ் 1877-ல் தன் சொந்தக் காசுகளை அடித்தபோது சில்லறை மட்டும்தான் அடித்தது. வெள்ளியில் 10 சென்ட், 20 சென்ட், இரண்டும் சின்னவை. நம் பெயரில் ஒரு ரூபாய்க் காசு வந்தது 1934-ல், ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில். அதுவரை பெரிய வெள்ளிக்காசு என்றால் கப்பலில் வந்த இந்திய ரூபாய்தான். 11.66 கிராம் எடை, அதில் 91.7 சதவீதம் வெள்ளி. ராணியின் பெயருக்குப் பக்கத்தில் 'குவீன்' என்று இருந்தால் 1876 வரைக்கும் உள்ளது; 'எம்ப்ரஸ்' என்று இருந்தால் 1877-க்குப் பிந்தையது.

வளையத்தை நீக்காதீர்கள். பற்றவைத்த தழும்பு போகாது, சேகரிப்பவர் அதற்கு வெள்ளி விலைக்கு மேல் தர மாட்டார். முழு மாலையாக இருந்தால் அது நகை. கரும்புத் தோட்டத்துக் கூலியை உடம்பிலேயே சேர்த்து வைத்த காலத்து நகை. நானாக இருந்தால் விற்க மாட்டேன்.

வண்ணம் பூசிய பட்டாம்பூச்சிக் காசுகள் இணையத்தில் நிறைய விற்கிறார்கள். வாங்கி வைத்தால் விலை ஏறுமா? (ரோஸ் பெல்)

கனடா நாணயச்சாலை இதை நன்றாகவே செய்தது. 2004-ல் புலிவரி அழகிப் பட்டாம்பூச்சியை ஹோலோகிராமில் போட்டது, 2005-ல் மோனார்க்கை வண்ணத்தில் போட்டது; இரண்டும் 50 சென்ட், 92.5 சதவீத வெள்ளி. அவை அந்த நாட்டில் பறக்கும் பூச்சிகள், அடித்ததும் அந்த நாட்டு நாணயச்சாலை. மற்றபடி, ஏதோ ஒரு குட்டித் தீவின் பெயரை வாடகைக்கு எடுத்து, அந்தத் தீவில் யாரும் பார்த்தே இராத பூச்சியை அச்சிட்டு விற்பவைதான் அதிகம். பேரக்குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கலாம், தப்பில்லை. முதலீடு என்று சொல்லி விற்றால் நகர்ந்துவிடுங்கள். முதல் நாள் வாங்கிய விலைக்கே மறுநாள் திருப்பி விற்க முடியாது.

வாங்கியே தீருவேன் என்றால் இரண்டு எண்களைப் பாருங்கள்: வெள்ளி எத்தனை சதவீதம், எடை எத்தனை கிராம். 'வெள்ளி முலாம்' என்ற சொல் எங்காவது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். 'ஒரு அவுன்ஸ்' என்று எழுதியிருந்தால் 31.1 கிராம் இருக்க வேண்டும். 28.35 கிராம் என்றால் அது மளிகைக்கடை அவுன்ஸ்.

மொரீஷியஸ் காசில் தமிழ் உண்டா? (சென்னை வாசகர்)

காசில் இல்லை, நோட்டில் உண்டு. ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998-ல் வந்த புது நோட்டுகளில் இந்தியை முன்னால் போட்டுத் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-ல் பழைய வரிசைப்படியே மறுபடி அச்சிட்டார்கள். அந்த 1998 நோட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

எங்கள் எலுமிச்சை மரத்தில் கறுப்பும் மஞ்சளுமாகப் பெரிய பட்டாம்பூச்சி வருகிறது. காசில் இருப்பது அதுதானா? (கூட்லாண்ட்ஸ்)

இல்லை. உங்கள் மரத்துக்கு வருவது ஆப்பிரிக்க எலுமிச்சை அழகி, பாப்பிலியோ டெமோடோகஸ். வெளியிலிருந்து வந்து இங்கே குடியேறியது, நம்மைப் போல. காசில் இருப்பது பாப்பிலியோ மான்லியஸ். உலகத்தில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. கறுப்புச் சிறகில் நீலம் தீற்றியது போல இருக்கும். ரீயூனியனில் அதற்கு ஒரு தங்கை உண்டு, பாப்பிலியோ ஃபோர்பாந்தா. அது அந்தத் தீவுக்கு மட்டுமே சொந்தம்.

மான்லியஸைப் பார்க்க வேண்டுமானால் பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டுப் பக்கம், மழை விட்டு வெயில் அடிக்கும் காலையில் போய் நில்லுங்கள். காசைக் கொண்டுபோக வேண்டாம், வியர்வைக் கை பட்டால் தடம் விழும்.

அப்புறம், எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள், அது குட்டிப் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டும், ஒரு வாடையும் அடிக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.