போர்டில் பச்சை பூக்கிறது, ஈயம் பிடிக்கவில்லை: சில கேள்விகள், என் பதில்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர்: விசைப்படகில் கடலாழம் பார்க்கிற எக்கோ சவுண்டரின் சர்க்யூட் போர்டு. இரண்டு தடவை சால்டர் (ஈயப்பற்று) வைத்து, மேலே வார்னிஷும் அடித்துக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் மறுபடி பச்சை பூத்து வந்துவிட்டது. ஈயம் மட்டமா அண்ணே?

ஈயத்தைத் திட்டாதீங்க. கழுவினீங்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், அடுப்படி உப்பு ஜாடியில் தினம் பார்க்கிறோமே, அதேதான் ஐசியின் கால்களுக்கு நடுவிலும் நடக்கிறது, அந்தக் கசிவில் 12 வோல்ட்டும் சேர்ந்தால் செம்பு கரைந்து பச்சையாகிவிடும். கழுவாமல் வார்னிஷ் அடித்தால் உப்பை உள்ளே வைத்து மூடின கதைதான். எந்தப் பூச்சும் ஈரத்தை முழுசாகத் தடுக்காது, மெல்ல உள்ளே போகத்தான் செய்யும்.

நிறைய பேர் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றித் தேய்த்துவிட்டுக் கழுவியாச்சு என்கிறார்கள். அது ஃப்ளக்ஸ், அதாவது ஈயம் பிடிக்கப் போடுகிற பிசினைக் கரைக்கும், உப்பை அவ்வளவாகக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான். பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கேளுங்க (ஆசிட்டைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள், கேனைப் பார்த்து வாங்குங்க). பஸ்ஸர், ரிலே, பேட்டரி இருந்தால் கழற்றிவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து இரண்டு மூன்று தண்ணீர் அலசணும். அப்புறம் ஐபிஏ. அப்புறம் 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் காயவிட்டு, கனெக்டர் வாயில் டேப் ஒட்டி, அக்ரிலிக் பூச்சு. அக்ரிலிக் ஏன் என்றால், நாளைக்கு ரிப்பேருக்கு வந்தால் தின்னரில் கழன்றுவிடும்.

ஒயரையும் பாருங்க. ரப்பரைச் சீவினால் உள்ளே செம்பு கரியாக இருக்கும், அதில் ஈயம் பிடிக்காது, உருண்டையாக உருண்டு விழும். நல்ல செம்பு தெரிகிற இடம் வரை வெட்டிக்கொண்டே போங்க, இல்லையென்றால் வெள்ளீயம் பூசிய ஒயரையே போடுங்க. மண்டபத்தில் துருவைச் சோதிக்கவே காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு நிலையம் வைத்திருக்கிறது. நம் காற்று அப்படிப்பட்டது.

பரமக்குடி: எல்இடி டிரைவர் போர்டு செய்கிறோம். ரீஃப்ளோ (ஈயப் பேஸ்ட் தடவிய போர்டை அடுப்பில் வைத்து உருக்குவது) முடிந்ததும் காம்பொனென்ட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஈய மணிகள்.

பேஸ்ட் டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்கிறீங்க, பந்தயம் கட்டுகிறேன். ஐஸ் வாட்டர் பாட்டிலை வெளியே வைத்தால் வேர்க்கிறதல்லவா? அதே வேர்வை பேஸ்ட்டுக்குள் இறங்கி, அடுப்பில் கொதித்துத் தெறிக்கிறது. 2 முதல் 10 டிகிரியில் வைக்கிற பேஸ்ட்டை மூடியோடு நாலு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்க. அவசரத்துக்கு ஹாட் ஏர் காட்டுகிற வேலை வேண்டாம். ஸ்டென்சிலில், அதாவது பேஸ்ட் தடவுகிற ஓட்டைத் தகட்டில் மிஞ்சினதைப் புது டப்பாவில் வழித்துப் போடவும் கூடாது.

அப்படியே ஐசி பாக்கெட்டையும் கவனிங்க. எம்எஸ்எல் 3 (ஈரம் எவ்வளவு பாதிக்கும் என்கிற நிலை) என்று போட்டிருந்தால், பிரித்த பிறகு 168 மணி நேரம்தான் கணக்கு, அதுவும் 30 டிகிரி, 60 சதவீத ஈரத்தில். ஏசி இல்லாத நம் ஷெட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஈரம் குடித்த ஐசி அடுப்பில் சோளப்பொரி மாதிரி உள்ளுக்குள் வெடிக்கும்.

கீழக்கரை: ஈயமில்லாத சால்டர் மங்கலாக இருக்கிறது. டிரை சால்டரா, அதாவது சரியாக ஒட்டாத பற்றா?

இல்லை, அதன் முகமே அப்படித்தான். 63/37 வெள்ளீயம்-ஈயக் கலவை 183 டிகிரியில் உருகிப் பளபளக்கும், ஈயமில்லாத எஸ்ஏசி 305 உருக 217க்கு மேல் வேண்டும். பளபளப்பை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்க, பேடோடு (போர்டிலுள்ள செம்புத் திட்டு) வழிந்து ஒட்டியிருந்தால் சரி, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் தப்பு.

தொண்டி: பெரிய கிரவுண்ட் பேடில் ஈயமே பிடிக்கவில்லை. 450 டிகிரி வைக்கலாமா?

வைக்காதீங்க. நான் வைத்துப் பக்கத்து பேடையும் சேர்த்துப் பெயர்த்தவன். அகல டிப் மாட்டி, போர்டை அடியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கிக்கொண்டால் 350லேயே பிடிக்கும்.

ராமேஸ்வரம் ஐடிஐ மாணவர்: புகையில் ஈயம் இருக்குமா சார்?

அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது இல்லை என்றே சொல்லலாம் தம்பி. வருவது ஃப்ளக்ஸ் புகை, ஆனால் ரோசின் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும், அதனால் முகத்திலிருந்து வெளியே இழுக்கிற மாதிரி ஃபேனை வை. ஈயம் உள்ளே போவது கை வழியாகத்தான். டீக்கு எழுந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வடையைத் தொடு.