பீலிக்கரையிலிருந்து தொடங்குங்கள்: பறவை பார்க்கப் புதிதாக வருபவர்களுக்கான கேள்வி பதில்

நுவரெலியாப் பக்கம் எங்கள் பறவை பார்க்கும் குழு மாதத்தில் ஒரு ஞாயிறு விடிகாலையில் கூடுகிறது. அடுத்த நடைக்கு வர விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு, பல வருடமாகக் கூட நடப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

என்னிடம் பைனாகுலர் இல்லை. வரலாமா அண்ணா? (ஹற்றன், ஒரு தங்கச்சி)

தாராளமாக வாங்க தங்கச்சி. குழுவில் இரண்டு மூன்று பைனாகுலர் கைமாறிக்கொண்டே இருக்கும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்குப் பீலிக்கரைக்குப் போனால் தண்ணீர் பிடித்த பிறகு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். நீண்ட வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவும், முதுகு சாம்பலும் வயிற்றுப்பக்கம் மஞ்சளுமான மெல்லிய பறவை தெரிகிறதா? அது சாம்பல் வாலாட்டி. ஐப்பசி வாக்கில் வடக்கே இருந்து கடல் தாண்டி வந்து, பங்குனி கழிந்து திரும்பிவிடும். அப்புறம் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கூரையின் அடியைப் பாருங்கள். மண்ணை உருண்டை உருண்டையாக ஒட்டிய கூடு இருந்தால் தகைவிலானுடையதாக இருக்கும். இரண்டையும் கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

எந்த பைனாகுலர் வாங்குவது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை)

8×42 போதும் ஐயா. 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். நம் பக்கம் பாதி நாள் பனிமூட்டம்தானே, அந்த மங்கலில் பெரிய கண்ணாடி உதவும். 10 மடங்கு வாங்கினால் பறவையோடு சேர்ந்து கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

வாங்கிய அன்றே ஒரு வேலை செய்யுங்கள். தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு, வலது முன்கண்ணாடியைக் கையால் மறைத்து, இடது கண்ணுக்கு எழுத்து தெளியும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடதை மறைத்து, நடுச் சக்கரத்தைத் தொடாமல், கண் வைக்கும் இடத்தில் உள்ள வளையத்தைத் திருப்பி வலதைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் "எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை" என்று பறவை பார்ப்பதையே விட்டவர்களை எனக்குத் தெரியும். மனம் வலிக்கிறது.

முதல் பயணம் ஹோட்டன் சமவெளிக்கா? (சாதாரண தர மாணவன், தலவாக்கலை)

வேண்டாம் தம்பி. ஒருமுறை புதியவர்கள் ஆறு பேரை நேரே அங்கே கூட்டிப்போனேன். 2,100 மீற்றர் உயரம், கண்ணுக்கெட்டிய தூரம் பனி, பிள்ளைகள் குளிரில் நடுங்கிவிட்டார்கள். அங்கே பெயர்பெற்ற இலங்கைச் சீகாரப் பூங்குருவியோ விடியும் முன்னான அரைவெளிச்சத்தில் தண்ணீர்க்கரையில் ஒரு கணம் தெரிந்து மறைவது. அந்தப் பிழை என்னுடையது. அந்த ஆறு பேரில் ஒருவர்தான் மறுபடி வந்தார்.

அதனால் முதலில் நுவரெலியா நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவுக்குத்தான் போவோம். மார்கழி, தை மாதங்களில் அங்கே ஓடைக்கரையில் அசையாமல் நின்றால் ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடுவது தெரியும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கரும்பட்டை. காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே வருகிறது. காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் மலைக்கு வரும் சின்னஞ்சிறு பறவை. உலக அளவில் அருகிவரும் இனம், நகரப் பூங்கா ஒன்றில் நம் கண்முன்னே! ஹக்கல தாவரவியல் பூங்கா அதற்கு அடுத்தது. ஹோட்டன் சமவெளி அதற்கும் பிறகு.

போனில் பறவைச் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடலாமா?

கூடாது. வேறொரு ஆண் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டதென்று நினைத்து, தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும். சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைக் கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இலவசம், முன்கூட்டியே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத மலையிலும் வேலை செய்யும். அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

என் அம்மா கொழுந்து எடுப்பவர். அவருக்கு நிறையப் பறவை தெரியும், ஆனால் இங்கிலிஷ் பெயர் தெரியாது. குழுவில் கூச்சப்படுவார். (மஸ்கெலியா, ஒரு அக்கா)

அக்கா, கட்டாயம் அம்மாவைக் கூட்டி வாருங்கள். ஆறுமணிக்குருவிக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் யார்? விடியலிலும் அந்தியிலும் அது கத்துவதைக் கேட்டு நேரம் அறிந்த நம் சனங்கள்தான். தினம் எட்டு மணிநேரம் தேயிலை மலையில் நிற்பவருக்கு எந்தக் குருவி எந்தச் செடியடியில் கூடு கட்டும், எப்போது கத்தும் என்பதெல்லாம் தெரியும். எங்களில் யாருக்கும் அவ்வளவு நேரம் வாய்த்ததில்லை. அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்வோம். மற்ற பெயரைப் பக்கத்தில் எழுதுவது எங்கள் வேலை. போன வருடம் ஒரு அம்மா, கான் (வடிகால்) ஓரத்தில் நின்ற கறுப்புக் குருவியையும் மண்ணிறக் குருவியையும் காட்டி, "இது புருஷன், இது பொண்டாட்டி" என்றார். நான் அதுவரை வேறு வேறென்று நினைத்திருந்த புதர்ச்சிட்டு சோடி அது.

என்ன உடுத்துவது? அட்டை கடிக்குமா?

மங்கலான நிறம், குளிருக்கு ஸ்வெட்டர். பளீரென்ற வெள்ளை வேண்டாம். கண்டி உடவத்தகலைக் காட்டுக்குப் போகும் நாளில் அட்டை உண்டு. காற்சட்டையை நீண்ட காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் நடை உண்டா?

உண்டு. கொட்டினால் எங்காவது ஒதுங்கி நிற்போம். மழை விட்டதும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கண்ணிக் கூட்டம் ஒன்று கீச்சுக்கீச்சென்று புதருக்குள் இறங்கி, நனைந்த இலைகளுக்கடியில் தலைகீழாகத் தொங்கிப் பூச்சி தேடும். இந்தத் தீவின் மலைகளை விட்டால் வேறெந்த நாட்டிலும் இல்லாத வெள்ளைக்கண்ணி அது.