வேலூர்க் கோட்டைக்குப் போன இடத்தில் கார் சாவி தொலைந்துவிட்டது, ஸ்பேர் சாவி ஆம்பூர் வீட்டில். என்ன செய்வது?

முதலில் கண்ணாடியை உடைக்காதீர்கள். சாவிக்கு ஆகும் செலவோடு கண்ணாடிச் செலவும் சேரும். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் செருப்பு விட்ட இடம், டீ குடித்த கடை என்று வந்த வழியே திரும்பிப் போய்க் கேளுங்கள். அகழியில் விழுந்திருந்தால் அதை மறந்துவிடலாம்!

ஆம்பூர் 50 கிலோமீட்டர்தான். யாரையாவது ஸ்பேர் சாவியோடு பஸ் ஏற்றிவிடச் சொல்லுங்கள். இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

பூட்டுக்கடைக்காரர் கதவைத் திறந்து தருவார், சாவியும் வெட்டித் தருவார். ஆனால் இப்போதைய கார்களில் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். காரில் உள்ள இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி அதை அடையாளம் கண்டால்தான் வண்டி ஓடும். வெறும் இரும்புச் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் உடனே நின்றுவிடும். புதுச் சாவியைக் காரோடு இணைக்க வேண்டும். அதற்கு ஷோரூம் சர்வீஸில் ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்பார்கள். கார் வாங்கியபோது சாவியோடு தந்த எண் பொறித்த சிறு தகடு இருந்தால் வேலை சுலபம். ஸ்டியரிங் பூட்டியிருக்கும், அதனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். காரை வேறொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம், தொலைந்த சாவியை காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இன்சூரன்ஸில் சாவிக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் பணம் கிடைக்கலாம். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.